பேர் விழுந்த கம்பெனி

அண்ணா,

இன்று காலை தபால்காரர் உங்கள் பேருக்கு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் போய் ஐந்து மழைக்காலம் ஆகிவிட்டது என்று அவருக்கு யார் சொல்வது? நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நம் கம்பெனியின் ஆண்டுக் கூட்ட அறிவிப்பு. பங்குப் பத்திரத்தில் முதல் பேர் உங்களுடையது, இரண்டாவது என்னுடையது, முகவரி மட்டும் என் வீடு. கூடவே ஒரு படிவம். கூட்டாகப் பங்கு வைத்திருப்பவர்களில் ஒருவர் காலமாகியிருந்தால் அவர் பேரை நீக்க இதை நிரப்பி அனுப்ப வேண்டுமாம்.

என் மகன் கோயமுத்தூரிலிருந்து நாலு நாளாக இதையேதான் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான். எங்கோ சண்டை நடக்கிறது, ஆயுதக் கம்பெனிப் பங்குகளெல்லாம் ஏறுகின்றன, அவர் பேரை எடுத்துவிட்டு விற்றுவிடுங்கள் என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? எனக்கே அன்றைக்குத் தெரியவில்லையே.

சிலோனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் கப்பல் ஓடிய கடைசி வருஷங்கள் அவை. நான் குன்னூர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். காலையில் வேலையாட்களை நிறுத்தி மஸ்டரில் பேர் கூப்பிடுவது என் வேலை. சிலோனில் இருந்து வந்த நீங்கள் மஸ்டரைப் பெரட்டு என்பீர்கள், ஃபேக்டரியை ஸ்டோர் என்பீர்கள், என்னைக் கிளாக்கரய்யா என்பீர்கள். அண்ணா என்று கூப்பிடும் என்னை விட்டு ஐயா பட்டம் கடைசிவரை இறங்கவில்லை. உங்கள் தங்கச்சி புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் அக்கரைத் தோட்டத்திலேயே கப்பல் சீட்டுக்குக் காத்திருந்தது. அது வந்து இறங்கினால் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் அடைபடக் கூடாது, ரோட்டுக்குக் கீழே இரண்டு சென்ட் வாங்கி ஓர் ஊடு கட்டிவிட வேண்டும். இதுதான் உங்கள் ஒரே பேச்சு.

எனக்கோ பங்குப் பைத்தியம். உங்கள் சேமிப்பில் பாதி, என் சேமிப்பில் பாதி, இரண்டு பேர் பேரிலும் ஒரு கம்பெனிப் பங்கு வாங்கலாம் என்று ஆசை காட்டினேன். என்ன கம்பெனி என்று கேட்டீர்கள். வெடிக் கம்பெனி என்றேன். உங்கள் முகம் சுண்டிப்போனது. உங்கள் ஊரில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. எங்கள் கொங்கு நாட்டில் பாறை உடைக்கக் கிணற்றில் வைப்பதுதான் வெடி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கிணத்து வெடிங்க அண்ணா, பயப்படாதீங்க என்று விளக்கினேன். நீங்களும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தீர்கள்.

பத்திரம் வந்தபோது உங்கள் பேர் அச்சில் இருந்ததை விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

"அப்ப நமக்கு அங்க பேரு விழுந்திருச்சுங்களா?" என்றீர்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அரை நாளுக்கு அரைப்பேர் என்று பழகிய வாய். ஆமாங்க, முழுப்பேரு என்றேன் கிண்டலாக.

ஒரு வருஷம் பங்கு கிடந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் கிடைத்திருக்கிறது என்று பேப்பரில் நாலு வரி வந்தது. விலை ஏறத் தொடங்கியது. நான் தரையில் நடக்கவில்லை. கோயமுத்தூர் புரோக்கருக்கு டிரங்க் கால் போட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இது கிணத்து மருந்து இல்லீங்க, துப்பாக்கி மருந்து என்றார். எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். ஒரு வியாபாரி வாங்குகிறான், கைமாறித் தென்பக்கம் போகுதுன்னு பேச்சு, நமக்கெதுக்குங்க, விலை ஏறுதல்ல என்றார்.

தென்பக்கம் என்றால் எந்த ஊர் என்று எனக்குப் புரியாமல் இல்லை, அண்ணா. உங்களிடம் சொல்லவில்லை. பதினெட்டு நாள் சொல்லவில்லை. தினமும் மஸ்டரில் உங்கள் பேரைக் கூப்பிட்டேன். நீங்கள் ஐயா என்று பதில் சொல்லிவிட்டு, விலை என்னாச்சு என்று கண்ணால் கேட்டீர்கள். நானும் கட்டைவிரலை மேலே காட்டினேன். வெட்கங்கெட்டவன் நான்.

பத்தொன்பதாம் நாள் கட்சிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். நம் தமிழனைச் சுட நம் மண்ணிலிருந்தே மருந்தா என்று சட்டசபையில் கேள்வி எழுந்து, பேப்பரில் கம்பெனி பேர் கொட்டை எழுத்தில் வந்தது. டீக்கடையில் யாரோ உரக்கப் படித்ததை நின்று கேட்டுவிட்டு நேராக ஆபீசுக்கு வந்தீர்கள். அந்த நேரம் பார்த்து வெலிங்டன் பக்கம் பட்டாளத்தார் சுட்டுப் பழகும் சத்தம் மலையில் மோதிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெடின்னு நான் பயந்தப்ப சிரிச்சீங்களே ஐயா. ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

நான் மஸ்டர் நோட்டைப் புரட்டினேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனீர்கள்.

அன்றிலிருந்து விலை சரிந்தது. அரசாங்கம் ஏற்றுமதி அனுமதியை நிறுத்திவைத்தது என்று ஒரு நாள் செய்தி, இன்னும் சரிந்தது. நிறுத்தவில்லை, பரிசீலிக்கிறார்கள் என்று மறுநாள், கொஞ்சம் நிமிர்ந்தது. மந்திரி தும்மினால் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு பேர் பேரில் இருக்கும் பங்கை விற்க இரண்டு கையெழுத்தும் வேண்டும். படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தேன். இப்போது விற்றால்கூட இரண்டு சென்ட் வாங்கலாம், நாளைக்கு அதுவும் இல்லை என்று கெஞ்சினேன். நீங்கள் பேனாவைத் தொடவில்லை. விற்றால் வரும் காசும் அந்த மருந்துக் காசுதானே என்றீர்கள். விலை இறங்குகிறதென்றால் சரக்கு போகவில்லை என்று அர்த்தம், இறங்கட்டும் என்றீர்கள். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"தங்கச்சி நாளைக்கு வந்து நின்னா எங்கீங்க படுக்க வெப்பீங்க? உங்க நியாயத்து மேலயா?"

சொன்ன அந்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் நாம் பேசிக்கொண்டது மஸ்டரில் மட்டும்தான். நான் பேரைக் கூப்பிடுவேன், நீங்கள் ஐயா என்பீர்கள்.

அப்போதுதான் கூட்ட அறிவிப்பு வந்தது. எல்லோரும் அதைக் கிழித்து அடுப்பில் போடுவதுதான் வழக்கம். நான் மட்டும் கடமைக்கு உங்களிடம் நீட்டினேன். வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு லீவு கேட்டு வந்து நின்றீர்கள். எதற்கு என்றேன். பேர் விழுந்த இடத்தில் பெரட்டுக்குக் கூப்பிட்டும் போகாமல் இருந்தால் பேரை வெட்டிவிடுவார்களே என்றீர்கள். போகாவிட்டாலும் வெட்ட மாட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். தனியாக விட மனசு வராமல் நானும் ஏறினேன்.

கோயமுத்தூர் மண்டபத்தில் மின்விசிறி, சந்தனம், ஆளுக்கொரு காபி. மேடையில் தலைவர் வரவு செலவைப் படித்தார். முன்வரிசைக்காரர்கள் அரசியல்வாதிகளால் பங்கு விழுந்துவிட்டது என்று புலம்பினார்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருந்தீர்கள். கேட்க வேண்டியதுதானே என்று காதில் சொன்னேன்.

"இன்னும் பேரு கூப்பிடலீங்களே," என்றீர்கள்.

அங்கே யாரும் பேர் கூப்பிட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியவில்லை. தலைவர் நன்றி சொல்ல எழுந்தார். என்ன நினைத்தேனோ, காலையில் லயம் முழுக்கக் கேட்கும் என் மஸ்டர்க் குரலில், தகப்பன் பேரோடு சேர்த்து உங்கள் பேரைக் கூப்பிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"ஐயா," என்று கையை அவிழ்த்தீர்கள். "என் தங்கச்சி அங்கதான் இருக்கு. நம்ம மருந்து எந்த ஊருக்குப் போகுது? அதை மட்டும் சொல்லுங்க."

அது அரசாங்க விஷயம், சொல்ல முடியாது என்றார் தலைவர். முன்வரிசையில் ஒருவர், இவனெல்லாம் பங்குதாரனா என்றார். நான் அவர் மீது பாயப் போனேன், நீங்கள்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். திரும்பும் பஸ்ஸில் பர்லியாறில் நிறுத்தியபோது, டீ குடிக்கலாங்களா கிளாக்கரய்யா என்று கேட்டீர்கள். நான் டம்ளரை வைத்துக்கொண்டு அழுதேன்.

தங்கச்சி வந்துவிட்டது. கப்பல் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால். பிள்ளைகள் இரண்டும் வந்தன, புருஷன் வரவில்லை. கலவரத்தில் வெடி பட்டுவிட்டது என்று ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதி கேம்பிலிருந்து கடிதம் எழுதியிருந்தது. எந்த மருந்து, யார் விற்றது, யாருக்குத் தெரியும்? நம் கம்பெனியுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் ஒற்றை அறை லயத்தில் நாலு பேராக, நடுவில் சேலையைக் கட்டிப் படுத்தீர்கள். பத்திரத்தை ஏன் விற்கவில்லை என்று நீங்களே அதனிடம் சொன்னீர்களாம். அது என்ன பதில் சொன்னது என்று நான் கேட்கத் துணியவில்லை.

அதன் பிறகு நீங்கள் போகும்வரை எல்லாக் கூட்டத்துக்கும் போனோம். நான் கூப்பிட்டேன், நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு நான் போகவில்லை, அண்ணா. கால் வரவில்லை.

இன்று மத்தியானம் படிவத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். தங்கச்சிக்கும் தலை நரைத்துவிட்டது. இதில் பாதி உங்களுக்குச் சேர வேண்டியதுங்க, அண்ணன் பேரை எடுத்தால் விற்றுவிடலாம், இப்பவாச்சும் ஓர் ஊடு வாங்கலாம் என்றேன். அது முற்றத்தில் காயப்போட்ட விறகைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டது.

"எந்த ஊருக்குப் போகுதுன்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அண்ணன் பேரு இருக்கட்டும்."

படிவத்தை அதன் அடுப்பிலேயே போட்டுவிட்டு வந்தேன். கூட்டம் வருகிற புதன்கிழமை. முதல் பஸ்ஸில் மலை இறங்குகிறேன். உங்கள் பேரை நானே கூப்பிட்டு, ஐயா என்று நானே எழுந்து நிற்கிறேன்.