பாதர் ஊர்ச் சட்டை

ஜூன் 18, 1940. செவ்வாய்.
ஆனிக் காற்று. தெருவில் தறிக்குப் பாவு விரிக்க முடியவில்லை, ஒரே மண். புட்பால் கிளப்புக்குப் புதுச் சட்டைத் துணி நெய்து அறுத்தாயிற்று. நீலம், வெள்ளைக் கோடு. சாயம் நன்றாக ஏறியிருக்கிறது.
பேப்பரில்: பிரான்சு சண்டையை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறதாம். பிரான்சுக்காரரான நம் பாதர் இதைப் பார்க்காமல் கல்லறைக்குப் போனது நல்லது.

19, புதன்.
பல் வலி. கிராம்பு.
மாலை கமிட்டி. காரியதரிசி அருளப்பன், என் தங்கை மகன்: "ஞாயித்துக்கிழமை நாமக்கல் டீமோட மேட்ச்சுக்குக் கலெக்டர் துரை வாராருங்க மாமா. தோத்துப்போன பாதர் ஊர்ப் பேரு நம்ம கிளப்புக்கு வேண்டாமுங்க. சட்டையும் வெள்ளையாவே இருக்கட்டும்."
"நெய்ஞ்ச துணிய என்ன பண்றது?"
"துண்டு கிழிச்சுக்கலாமுங்க."
எல்லாரும் சிரிப்பு. கை தூக்காதவன் நான் ஒருவன்.
துண்டாம்.

20, வியாழன்.
இவர்களுக்கு என்ன தெரியும். பாதரின் ஊர் சின்ன ஊர். தோல் பதனிடுகிறவர்களும் ரொட்டி சுடுகிறவர்களும் மாடு மேயும் புல்வெளியில் ஆரம்பித்த கிளப். போன யுத்தத்தில் டீமில் பாதிப் பேர் போய்விட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களோடு சேர்ந்துவிடுங்கள் என்றார்களாம். மாட்டோம் என்று எட்டுப் பேரோடு ஆடினார்கள். வருஷம் முழுக்கத் தோல்வி. பேரை விடவில்லை. அந்த எட்டில் கோல் காத்த கோலி நம் பாதர். சேலம் வந்ததும், தறி மிதிக்கிற காலுக்கு இடது வலது கிடையாது என்று எங்களைப் பிடித்து ஆட வைத்து, அதே பேரை வைத்தார்.
முதல் சட்டை. கோடு நெட்டுக்கு நிற்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். சரியாகத்தான் நெய்தோம். டெய்லர் மாணிக்கம் துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று குறுக்கே வெட்டிவிட்டான். கோடெல்லாம் படுத்துக்கொண்டது. பாதர் இருமல் வரும்வரை சிரித்தார். "இருக்கட்டும் தம்பி. எங்க ஊர்ல நிக்குது, இங்க படுத்திருக்குது. ரெண்டு டீமும் மோதினா அடையாளம் தெரியோணுமில்ல."
அன்றிலிருந்து படுத்த கோடுதான்.

21, வெள்ளி.
மாணிக்கம் கடை. துணியை மேசைமேல் போட்டேன்.
"கமிட்டி வேண்டாம்னுட்டாங்களாமே அண்ணா."
"என் தறியில நெய்ஞ்சது. கமிட்டியா நெய்ஞ்சுது?"
"சரிங்க. எப்பவும்போலக் குறுக்கவே..."
"இல்ல. நெட்டுக்கு."
"துணி பத்தாதுங்க."
"அரைக்கையா வெட்டு. படுத்துக்கற காலமாடா இது?"
கத்திரியை எடுத்தான்.

23, ஞாயிறு.
பூசை முடிந்து வேப்பமரத்தடியில் சட்டைகளை விரித்து வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. முதலில் வந்தவன் கோலி சின்னப்பன். "கோடு எந்திரிச்சு நிக்குதுங்களே" என்றான். மாட்டிக்கொண்டான். பிறகு ஒவ்வொருவராக. ஒரு சட்டையும் மிச்சமில்லை. அருளப்பன் கொண்டுவந்த வெள்ளைச் சட்டை மூட்டை பிரிக்காமலே கிடந்தது. என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம்.
இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். கை குலுக்கும்போது துரை, இது எந்த கிளப் என்று கேட்டார். அருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்னப்பன் சொன்னான். முழுப் பேரும். பாதர் சொல்லும் அதே உச்சரிப்பில்.