மிடில் குமிழைத் திருப்பிய ஒத்திகை

அன்பிற்குரிய துணைவிக்கு,

நான் நலம், இரத்த அழுத்தமும் வரம்புக்குள் உள்ளது. உன் முழங்கால் வலி தணிந்ததா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கவலைப்பட ஏதுமில்லாத ஒரு செய்தி. எங்கள் ஆலையின் இசைக்குழுவிலிருந்து என்னை நீக்கவிருந்தார்கள். என் மின்கிட்டார் யாருக்கும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடியது.

"சார், வாசிக்கிறீங்களா, இல்ல கிட்டாரைத் துடைச்சு வைக்கிறீங்களா?" என்றார் டிரம்ஸ்காரர்.

அறையில் தனியே வாசித்தபோது இனிமையாக இருந்ததால், ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பில் தாழ்ந்த ஒலிக்கான பேஸ் குமிழையும் உச்ச ஒலிக்கான ட்ரெபிள் குமிழையும் முழுதாக ஏற்றி, இடையொலிக்கான மிடிலை அடியோடு இறக்கி, அந்த அளவுகளைச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தேன். குழுவிலோ என் பேஸை பேஸ் கிட்டாரும், ட்ரெபிளை டிரம்ஸின் சிம்பல் தட்டுகளும் விழுங்கிவிட்டன. நேற்று ஒத்திகையில் எங்கள் குழுவின் பாடகி அந்தச் சீட்டைப் பிய்த்துவிட்டு, பேஸைக் குறைத்து மிடிலை ஏற்றினார். தனியே கேட்டால் என் கிட்டாருக்கு மூக்கடைத்த குரல்தான். ஆனால் பாட்டு தொடங்கியதும் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது.

"இப்பதான் சார் வேலைக்கே வந்திருக்காரு" என்றார் டிரம்ஸ்காரர். என் இடம் நிலைத்தது.

இனித் தனிமையில் கேட்டு ஒலி அளவுகளை வைப்பதில்லை என்று விதி செய்துகொண்டேன். எனவே ஒரு வேண்டுகோள். காலை ஏழு முதல் ஏழரை வரை நம் சமையலறைச் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பு. மிக்ஸி, குழாய், மகனை எழுப்ப நீ போடும் அதட்டல் எதையும் நிறுத்திவைக்காதே. அவற்றோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறேன். முடிந்தால் எட்டு மணிவரை பதிவுசெய்.

ஆலை வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்