பிரிக்காத தையல்

டீச்சர், என் மகள் எழுதிய கதையைப் பொய் என்றீர்கள். அவளைத் திருடி என்றீர்கள். நீங்கள் இறந்துபோனதால் அந்த அநியாயம் நியாயமாகிவிடாது.

பள்ளியின் புது நூலக அறைக்கு உங்கள் பெயர் வைக்கிறார்களாம். அழைப்பிதழ் வந்தது. பெட்டியைத் திறந்து, நீங்கள் திருப்பித் தந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. மழையில்லாமல் தெற்கிலிருந்து திருப்பூர் வந்திருந்தோம். பனியன் கம்பெனியில் நான் டெய்லர். அரைப்பரீட்சை லீவு முழுக்க என் மகள் அங்கே உட்கார்ந்து, தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டினாள். ஆறாவது படிக்கிற பிள்ளை. 'விடுமுறையில் நான்' என்று நீங்கள் கட்டுரை கேட்டதும், ஊத்துக்குளியில் அம்மாயி வீட்டுக்குப் போனதாகவும், அம்மாயி உள்ளங்கையில் வெண்ணெய் வைத்ததாகவும் எழுதினாள். பக்கத்துப் பிள்ளை சொல்லிக் கேட்ட அம்மாயி.

"ஏங்கண்ணு, உங்கூர்ல பாட்டிய அம்மாயின்னா கூப்புடுவீங்க? யாரு நோட்டத் திருடிப் பாத்து எழுதுன?"

வகுப்பே சிரித்தது. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே வரலாம் என்றீர்கள்.

மறுநாள் நான் வந்தேன்.

"பிள்ள களவாங்கல டீச்சர். இல்லாத பாட்டிய இருக்கதா நெனச்சு எழுதிட்டா. அது கதை."

"கதையெல்லாம் நமக்கெதுக்குங்க?"

நான் ஐந்தாவதோடு நின்றவன். பொட்டலக் காகிதத்தில் தொடங்கி நாவல்வரை நானாகப் படித்தவன். உங்கள் ஊர் மனிதர்களின் கோபமும் மரியாதையும் எனக்குக் கதைகளில்தான் பிடிபட்டன. எங்களையும் நீங்கள் அப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, கிணறு வற்றி வீட்டைப் பூட்டி ரயிலேறுகிற குடும்பத்தின் நாவல் ஒன்றைக் கொடுத்தேன். அழுக்குப் படாமல் பனியன் துணியில் சுற்றி, நாலு பக்கமும் தைத்துக் கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்துத் திருப்பித் தந்தீர்கள். "படிச்சேனுங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

பக்கத்தில் நின்ற மகள் அதைப் பார்த்துவிட்டாள். வாசலில் சொன்னாள்: "நான் மன்னிப்புக் கேக்க மாட்டேம்ப்பா. அவங்க கேட்டாங்களா?" அதோடு பள்ளிக்கூடம் போகவில்லை. நானும் மிரட்டி அனுப்பவில்லை.

விழாவுக்கு வருகிறேன். தலைமையாசிரியர் மேடையில் இந்தத் தையலைப் பிரிக்க வேண்டும். உங்கள் மகன் முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைகளின் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றையாவது படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைய வேண்டும். என் மகள் ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் பிசிறு வெட்டிய கத்தரி என்னிடம் இருக்கிறது, நான் கொண்டுவருகிறேன்.