சாக்கை இறக்கி வைத்தவளுக்கு

இன்று காலை பக்கத்து வீட்டு வளவில் வெங்காயச் சாக்குகளை அவிழ்த்து வெயிலில் கொட்டினார்கள். அந்த மணம் வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. உன்னை நினைத்து அழ இருந்தால் கோபம்தான் முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னியில் எங்கள் உடையார்கட்டுக்கு வந்தவர்களில் நீயும் உன் புருசனும் இருந்தீர்கள். என் மாமாவின் வெங்காயத் தோட்டத்தில் உனக்குக் கூலி வேலை. நான் தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வயிற்றில் பிள்ளை தங்கியது.

என்னை மாமி அறைக்குள் படுக்கப்போட்டா. "முற்றத்துக்கும் இறங்காதை பிள்ளை. அசைஞ்சால் கரு தங்காது." கால் வீங்கி, இடுப்பு மரத்துக் கிடந்தேன். அதே முற்றத்தைக் கடந்து நீ தலையில் சாக்கோடு லொறிக்குப் போவாய். அவளும் பிள்ளைத்தாய்ச்சிதானே என்று கேட்டேன்.

"அதுகள் பழக்கப்பட்டதுகள்," என்றா மாமி.

சைக்கிளில் வந்த மருத்துவிச்சி எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்தித்தான் சொன்னா. "படுத்தே கிடக்காதேங்கோ. நடவுங்கோ, சின்னச் சின்ன வேலை செய்யுங்கோ. கதைக்க ஏலாமல் மூச்சு வாங்கினால் இருந்திடுங்கோ. நல்லாத் தண்ணி குடியுங்கோ. பாரம் மட்டும் தூக்கக் கூடாது. ரத்தம் கண்டால் உடனே ஆசுப்பத்திரிக்கு வாங்கோ." மாமா விறாந்தையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

அதன்பிறகு பின்னேரங்களில் நான் வெளியே இறங்கினேன். "வாங்கக்கா, வாய்க்கா வரைக்கும் மெதுவா போயிட்டு வருவோம்," என்பாய். நடக்க நடக்க எனக்குக் கால் லேசானது, நித்திரை வந்தது. மாமி முகத்தைத் திருப்பினா. திருப்பட்டும் என்று விட்டேன். ஆனால் விடிந்தால் உன் தலைக்குச் சாக்கு வந்துவிடும். மாமாவிடம் கேட்டேன். "ஆள் இல்லை, லொறி நிக்குது. நீ உள்ளை போ பிள்ளை," என்றார்.

ஒரு காலை வாசல் படலையடியில் சாக்கோடு குந்திவிட்டாய். சேலையில் இரத்தம். மாமா முதலில் சாக்கை எடுக்கச் சொன்னார், உன்னையல்ல. நான் என் வயிற்றோடு போய் லொறியின் முன்னால் நின்றேன். "இவளை ஏத்தாமல் இது போகாது." ஏற்றினார்கள். நீ தப்பினாய். பிள்ளை தப்பவில்லை.

பாரம்தான் காரணமென்று டொக்டர் அறுதியாகச் சொல்லவில்லை. இருக்கட்டும். உன் தலையில் சாக்கை வைத்தவர்களுக்கு அந்தச் சந்தேகம்கூட வரவில்லையே.

எனக்கு மகன் பிறந்தான். நீ வந்து அவனை மடியில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாய்.

அடுத்த வருடம் நீ மறுபடி உண்டானாய். வெங்காயம் கிண்டி எடுத்த நாளில் உன் தலையில் சாக்கை ஏற்றினார்கள். நீ அதை நிலத்தில் இறக்கி வைத்தாய்.

"நடப்பேங்க. களை புடுங்குவேன், வெங்காயம் தாள் அறுப்பேன். சாக்கு தூக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வரத் தேவையில்லை," என்றார் மாமா.

"சரிங்க."

வேம்புக்குக் கீழே போய் இருந்தாய். கூலிக்கு வந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகச் சாக்கைப் போட்டுவிட்டு உன்னருகில் வந்து இருந்தார்கள். லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மாமாவும் என் கணவரும்தான் சுமந்தார்கள். மாமா வேர்த்து வழிந்து மூச்சு வாங்கியதை நான் யன்னலில் நின்று ஆறுதலாகப் பார்த்தேன். மறுநாள் உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அந்த முறை உனக்கு மகள் பிறந்தாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது சாந்தம் இல்லை. போன கிழமை சந்தையில் ஒரு வியாபாரி நிறைவயிற்றுக்காரி ஒருத்தியின் தலையில் பூசணிக்காய்ப் பெட்டியை ஏற்றப் போனான். "வை கீழை," என்றேன். உங்களுக்கென்ன என்று கேட்டான். "வாங்கோ அம்மா, சனம் பாக்குது," என்று மகன் கையைப் பிடித்தான். உதறினேன். அந்தப் பெட்டியை வியாபாரியே தூக்கிக்கொண்டு நடக்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.