என் இடுக்கியும் உன் பேசும் நெருப்பும்

தம்பி,

காலையில் சோற்றுப் பானையை இறக்கும்போது இடுக்கி நழுவிக் கஞ்சி என் காலில் கொட்டப் பார்த்தது. முனை கருகிப்போன இடுக்கி எதைத்தான் பிடிக்கும்? வேறு வாங்கச் சொல்லி மருமகள் தினமும் முணுமுணுக்கிறாள். கருக்கியது யார் என்று அவளுக்குத் தெரியாது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் என் அடுப்படியில் உன் தொல்லை ஓயவில்லை.

அப்போது நீ மயிலாப்பூர் ஊமைப்படக் கொட்டகையில் எடுபிடி. படம் காட்டும் மெஷினுக்குள் இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே எரியும் நெருப்புதான் வெளிச்சம் என்பாய். டெலிபோன் வாய்ப்பெட்டியை அதோடு சேர்த்துவிட்டால், பெட்டியில் பேசுவதை அந்த நெருப்பே திருப்பிச் சொல்லுமாம். கிராமபோன் குழலும் வேண்டாம், தட்டும் வேண்டாம். யாரோ சொல்லிவிட்டார்கள், உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வாசலில் தம்பட்டம் அடிப்பதற்குப் பதிலாக நெருப்பே கூட்டத்தைக் கூப்பிட்டால் முதலாளி உன்னை ஆபரேட்டர் ஆக்கிவிடுவார் என்று கணக்குப் போட்டாய்.

தேய்ந்த கரிக்குச்சிகளைப் பொறுக்கி வந்தாய். மூர் மார்க்கெட்டில் உடைந்த டெலிபோன் ஒன்றைப் பிடித்தாய். அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த செம்புத் தவலை பழைய சாமான்காரனிடம் போய்க் கம்பிச் சுருளாகத் திரும்பி வந்தது. அழுதுகொண்டே அதை ஆணிக் கட்டின்மேல் சுற்றிக் கொடுத்தவளும் நான்தான். உன் கைக்கு அது வரிசையாக வரவில்லை. என் கைக்கு வந்தது.

"இன்னாடா இது, வூடா, பழைய சாமான் கடையா?"

"அக்கா, உன் ஊறுகா ஜாடி ஒண்ணு வேணும்."

"ஏன், ஊறுகாயும் பேசப் போவுதா?"

"உப்புத் தண்ணி ஊத்தணும்கா. கரண்டு பிச்சிக்கினு வரும். அதுல பூந்து வந்தா அடங்கும்."

அதில் மாங்காய் நறுக்கி உப்புப் போட்டு வைத்திருந்தேன். முடியாது என்றேன். மறுநாள் விடிந்தால் மாங்காய் முறத்தில் கிடக்கிறது, ஜாடியும் இல்லை, இடுக்கியும் இல்லை. உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டுக் கொட்டகைக்கு நடந்தேன்.

பின்பக்கம் கரண்டு எஞ்சின் ஓடும் கொட்டகையில்தான் டெலிபோன் வாய்ப்பெட்டியை வைத்திருந்தாய்; நெருப்பு உள்ளே. பேசுகிறேன் என்று சொன்ன கொட்டகை ஆர்மோனியக்காரர் வரவில்லை. ஊரெல்லாம் அலைந்து எல்லாம் சேர்த்தவனுக்குப் பேச ஒரு வாய் இல்லை! என்னைக் கண்டதும் ஓடி வந்தாய்.

"அக்கா, உள்ள முதலாளி நிக்கிறாரு. அந்தப் பெட்டிகிட்ட ஏதாச்சும் பேசுக்கா!"

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாய். பெட்டியோடு எனக்கு என்ன பேச்சு? பக்கத்தில் என் ஜாடி. உள்ளே துருப்பிடித்த இரண்டு தகடுகள். பெட்டியின் வாய்ப்பக்கம் குனிந்தேன்.

"டேய் ஜாடித் திருடா! அங்க மாங்கா நாறுது. இடுக்கி எங்கடா? உலைய எறக்க உன் கையயா வெக்கிறது?"

எஞ்சின் சத்தத்தையும் மீறி உள்ளே சிரிப்பு வெடித்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் நீ, சைக்கிள் ட்யூப் சுற்றிய என் இடுக்கியோடு. கரிக்குச்சியை அதில்தான் பிடித்திருந்தாய்.

"இன்னா நைனா, கூட்டத்தக் கூப்புடச் சொன்னா உங்கக்கா தொரத்துறாங்களே!"

கீற்றுக் கொட்டகை வாசலில் திறந்த நெருப்பு ஆகாது என்று சொல்லிவிட்டார். ஆனால் உடைசலைப் பொறுக்கிப் பேச வைத்தவன் மெஷின் பக்கத்தில் இருக்கட்டும் என்று உன்னை ஆபரேட்டர் ஆக்கினார்.

"அப்படியே உன் குரல்க்கா," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். எஞ்சின் பக்கத்தில் நின்ற எனக்கு என்ன கேட்டது? ஒன்றுமில்லை. "நீ கேக்க ஒரு நாள் பண்ணிக் காட்டறேன்," என்றாய். ஆபரேட்டருக்கு அப்புறம் ஏது நேரம்? பிறகு ஜுரம் வந்தது. போய்ச் சேர்வதற்கும் நீ என்னைக் கேட்கவில்லை.

போன வாரம் எதிர் வீட்டில் ரேடியோ வந்தது. தெருவே வாய் பிளந்து நின்றது. "இது என்ன அதிசயம், என் குரல் நெருப்புலயே வந்திருக்கு," என்றேன் பேத்தியிடம்.

"நீ கேட்டியா ஆயா?"

அடுப்பில் உலை இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

இப்போதெல்லாம் இந்தக் கருகிய இடுக்கியால் கொள்ளியைத் தள்ளும்போது, "டேய், என் ஜாடி எங்கடா?" என்று அடுப்பிடம் கேட்டுவிட்டுக் காதை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு சற்று நிற்கிறேன். விறகு வெடிக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் சோறு குழைந்து போகிறது. மருமகள் முறைக்கிறாள். எல்லாம் உன்னால்தான்.