நாற்பத்தேழாம் நம்பர்

அகரம்,
வைகாசி 12, திங்கட்கிழமை

அன்பு மகள் சுகன்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன் அறைத் தோழிகளும் பெங்களூரில் சுகமாக இருக்கத் தாடிக்கொம்புப் பெருமாள் துணை இருக்கட்டும். அம்மா நன்றாக இருக்கிறாள். போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கோடை மழை ஏதோ பெய்தது. சம்பங்கி நன்றாகப் பூக்கிறது. பூ மார்க்கெட்டுக்கு இப்போது பக்கத்துத் தோட்டத்து மதியழகன்தான் எடுத்துப் போகிறான். என்னை வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தை மாதம் நீ உன் ஆராய்ச்சிக்காக நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்தாய். ஒரு சொட்டு ரத்தத்தைக் காயவைத்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், தலைக்குள் கட்டி இருக்கலாமா என்று உன் மிஷின் துப்புக் கொடுக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் எண்பது பேர் வேண்டும் என்றாய். ஆள் சேரவில்லை. நீ வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. நானும் கையை நீட்டினேன். குலுக்கிக் கொடுத்த சீட்டில் எனக்கு நாற்பத்தேழு. யாருக்கு எந்த நம்பர் என்பது உனக்குத் தெரியக் கூடாதாமே.

தலைவலி உண்டா, வாந்தி உண்டா என்று நர்ஸம்மா கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பொய். கார்த்திகையிலிருந்தே விடிந்தால் தலைவலி. சம்பங்கி வாசம் தெரியவில்லை. இடது கால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வரப்பில் நடந்திருக்கிறேன். பூச்சிமருந்து அடிக்கிறோம், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் என்னைக் கழித்துவிடுவார்கள், உனக்கு ஒரு ஆள் குறையும். அவ்வளவுதான் யோசித்தேன்.

போன மாதம் நீ போனில், நம் ஊர்க்காரர் ஒருவரை மட்டும் மிஷின் கட்டி என்று காட்டுகிறது என்றாய். “நாப்பத்தேழாம் நம்பருப்பா, தூசி கீசி விழுந்துருக்கும், சார் அத கணக்குலருந்து அடிச்சுரச் சொல்லிட்டாரு” என்று சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுவாரம் கண்ணைக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு மதியழகனோடு மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். கட்டிதான். ஆபரேஷனில் முழுதாக எடுக்க முடியாது, எடுத்தாலும் ஒரு வருடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை என்றார் டாக்டர். தையிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். கொஞ்சம் கூடியிருக்கலாம் என்றார்.

சுகன்யா, உன் மிஷின் தப்புச் சொல்லவில்லை. நான்தான் தப்பாகச் சொன்னேன். உன் சாரிடம் இதைச் சொல்லி, அடித்ததைத் திரும்ப எழுது. உன்னையே திட்டிக்கொண்டு அழாதே. நான் பொய் சொன்னதற்கு நீ என்ன செய்வாய், பாவம். எனக்குப் பயமாக இருக்கிறது, தாயி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். கண்ணாடி எப்போது தருவார்கள் என்று நேற்று உன் அம்மா கேட்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை என்று வந்துவிட்டது. முப்பது வருடம் கூட இருந்தவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின புதன்கிழமைக்குள் நீ வந்துவிடு. நீ சொல்லு. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு, தாயி.

உன் அப்பா,
சோலைமுத்து