பாலத்துக்குப் பிறகு

ஜூலை 16, 1984, திங்கள்

காலையிலிருந்து சாரல். முந்தாநாள் துவைத்த புடவையை இன்னும் பிழியலாம். அடுப்பங்கரையில் கயிறு கட்டி உலர்த்தியதில் எல்லாத் துணியிலும் புகை வாசம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்ததுகளுக்கும் மூக்கொழுகல்.

வாங்க: மண்ணெண்ணெய், மாமாவுக்கு இருமல் மருந்து, சிவப்பு மை.

சாயங்காலம் ராயகிரியிலிருந்து அண்ணன். குடையை மடக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான். ஆடி பிறந்தாலே அவனுக்கு இது ஒரு வேலை. “மாமா, இந்த அமாவாசைக்காவது குத்தாலத்துல எள்ளுந்தண்ணியும் விட்டிருவோம். பட்டாளத்துலயே கணக்க முடிச்சிட்டான். ஒரு உசிரு எத்தன வருசம் அலையும்?”

மாமாவின் பதிலும் எப்போதும் உள்ளதுதான். “காணலன்னுதான் எழுதியிருக்கான் தம்பி. உசிரோட இருக்கவனுக்கு எள்ளு விட்டா அவன் ஆயுசுல்லா கொறையும்? பெத்தவன் செய்யுத காரியமா இது?”

என்னை யாரும் கேட்கவில்லை. காபி போட்டேன். மாமாவின் மகன், என் வீட்டுக்காரர், காணாமல் போனது எழுபத்தொண்ணு சண்டையில். கிழக்கே ஏதோ ஆற்றங்கரையில் கடைசியாகப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து நான் சுமங்கலியும் இல்லை, மற்றதும் இல்லை. கல்யாண வீட்டில் குங்குமச் சிமிழ் என் பக்கம் வரும்போது நீட்டுகிறவள் கை ஒரு நிமிஷம் தயங்கும். நான் அதற்குள் பந்தி பார்க்கப் போய்விடுவேன்.

ஐந்தாம் வகுப்பில் புதிதாக ஒரு பையன், அவர் பெயரே. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். “ஏலே, மூணாம் பெஞ்சு” என்றுதான் கூப்பிடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஜூலை 18, புதன்

மழை விட்டுவிட்டு. இடது முழங்கால் வலி.

கொழுந்தன் கணேசன் செங்கோட்டையிலிருந்து வேலை முடிந்து வரும்போதே வாசலில் சத்தம். “மைனி, அந்தப் பாலத்துப் படம் வருது! தென்காசி பூரா போஸ்டர் ஒட்டியிருக்கான். வெட்டுப்படாத முழுநீளப் படமாம். வெள்ளிக்கெழம ரிலீஸ்.”

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வெள்ளைக்காரப் படம் இந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி. அவர் கடைசி லீவில் வந்தது குற்றால சீசனில். எல்லோருமாகத் தென்காசியில் மாட்னி போனோம். ஒரு பாலத்தைக் காக்கிற பட்டாளத்தின் கதை. எல்லோரும் செத்து, கடைசியில் ஒரே ஒரு சிப்பாய் பாலத்தில் நடக்கிறான். புகை அவனை மூடுகிறது. படம் முடிந்தது. மாமா துண்டை உதறி எழுந்தபோது அவர் சொன்னார்: “அப்பா, இது முழுசு இல்ல. கேம்ப்புல முழுசாப் போட்டாங்க. பாலத்துக்குப் பெறகும் இருக்கு.” என்ன இருக்கிறது என்று மாமா கேட்டார். “முழுசா வந்தா பாத்துக்கிடுங்க” என்றுவிட்டார்.

இலஞ்சி ரோட்டில் திரும்பி நடக்கும்போது என்னிடம் மட்டும் இன்னொன்று சொன்னார். “அந்த மிச்சத்தப் பாத்த அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. வெட்டினவன் கைக்கு மோதிரம் போடணும்.” ஏன் என்றேன். தென்னங்கன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். படத்தைப் பற்றிய பேச்சுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

தந்தி வந்ததிலிருந்து மாமாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஊன்றுகோல். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் “பாலத்துக்குப் பெறகும் இருக்குன்னு சொன்னாம்லா” என்பார். படம் எப்போது திரும்ப வந்தாலும் போவார். புகையோடு முடியும். திரும்பி வருவார்.

இன்று சொல்லிவிட்டார்: “முழுப்படத்தப் பாத்துட்டு அமாவாசக்கிப் பதில் சொல்லுதேன். ஒங்க அண்ணனுக்குக் காயிதம் போட்டிரு.” ஒரு சினிமாவை நம்பியா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் மட்டும் எதை நம்பிக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 20, வெள்ளி

ரிஜிஸ்டர் முடித்தாயிற்று. சாக்பீஸ் எல்லாம் நமுத்துப் போய் எழுத மாட்டேன் என்கிறது.

கணேசன் முதல் ஆட்டமே பார்த்துவிட்டான். வழக்கமாகப் படம் பார்த்து வந்தால் சண்டைக்காட்சியை வாயாலேயே ஓட்டிக் காட்டுவான். இன்று சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். படம் எப்படி என்று மாமா கேட்டதற்கு, “ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருக்குப்பா. பாலத்தோட முடிஞ்சாத்தான் படம்.” முடிவு என்ன என்றதற்குத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். அப்புறம் கிணற்றடியில் என்னிடம், “மைனி, நீங்க போவாண்டாம். அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்.”

செத்துப்போகிறானாக்கும் அந்தச் சிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். சரி, அதையும் பார்த்துவிடுவோம். மாமாவும் பார்க்கட்டும், ஒரு முடிவு வரட்டும். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட. எழுதவே வெட்கம்.

ஜூலை 22, ஞாயிறு

மாட்னி. மூன்று பேரும் போனோம். பால்கனியில் மூட்டைப்பூச்சி.

நடுவில் புதிதாகச் சேர்ந்தவை நிறைய. சிப்பாய்கள் ஆற்றில் துணி துவைக்கிறார்கள், காயப்போடுகிறார்கள், மழை வருகிறது, எடுத்து மறுபடியும் காயப்போடுகிறார்கள். ஒருத்தன் பூட்ஸைத் தைத்துக்கொண்டே இருக்கிறான். முன்வரிசையில் விசில். “ஏலே ஆப்பரேட்டரு, சண்டையப் போடுலே!” எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பட்டாளம் என்றால் பாதி நாள் துவைக்கிறதும் காத்துக் கிடக்கிறதும்தான் என்று அவர் சொல்வார். அதுவரை நீட்டினது நல்லதுதான்.

பிறகு பாலம். புகை. எப்போதும் விளக்குப் போடுகிற இடம். போடவில்லை. மாமா என் முழங்கையைப் பிடித்தார்.

புகை விலகுகிறது. வேறொரு ஊர், வருஷங்கள் கழித்து. அந்தச் சிப்பாய் ரொட்டிக் கடையில் நிற்கிறான். தொந்தி விழுந்திருக்கிறது. உள்ளே ஒரு பொம்பிளை, ஒரு கைப்பிள்ளை. பழைய கூட்டாளி ஒருத்தன், ஒரு கை இல்லாதவன், ரொட்டி வாங்க வருகிறான். பார்க்கிறான். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். இவன் திரும்புகிறான். முகத்தில் எல்லாம் தெரிகிறது. பிறகு தலையை ஆட்டி, ஆள் வேறு என்கிறான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறான். உள்ளேயிருந்து அவள் வேறொரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதற்கு ‘இதோ’ என்று போகிறான். அவ்வளவுதான்.

விளக்குப் போட்டார்கள். மாமா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வருஷமாகிறது. என் பக்கம் திரும்பி, “பாத்தியா பகவதி, இருக்காம்லா! உசிரோட இருக்காம்லா!”

கணேசன் என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடினான்.

ஜூலை 23, திங்கள்

மாமா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பால்காரரிடம், தபால்காரரிடம், கோயில் பூசாரியிடம் எல்லாம் ஒரே கதை. அமாவாசைப் பேச்சு இனி இந்த வீட்டில் இல்லையாம்.

ஆசிரியர் அறையிலும் இதேதான். சயின்ஸ் சார்: “முழுசுதான் டீச்சர் படம். நடந்தத நடந்தபடி காட்டணும். பாதில நிறுத்துனா ஏமாத்து வேல.” சாரதா டீச்சர்: “போங்க சார். பாலத்துல அவன் போறப்ப நெஞ்சு நின்னு போச்சு. இப்ப அவனச் செருப்பால அடிக்கணும்னு தோணுது. அதுக்கா கூட அரைமணி நேரம்?” என் பக்கம் திரும்பினார்கள். பிறகுதான் யாரைக் கேட்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது போல. நோட்டுத் திருத்தப் போய்விட்டார்கள்.

எங்கோ ஒரு ஊரில் ஒரு கடை. உள்ளே ஒருத்தி. கைப்பிள்ளை. அவள் கூப்பிடுகிற பெயர் என்னவாக இருக்கும்? இத்தனை வருஷத்தில் செத்திருப்பாரோ என்று நினைத்து அழுதிருக்கிறேன். இருந்தும் வராமல் இருப்பாரோ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. செத்திருந்தால் தேவலை. எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

ஜூலை 25, புதன்

நேற்று எதுவும் எழுதவில்லை. தலைவலி. பள்ளிக்கூடம் மழைக்கு லீவு.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவர் சட்டைகளில் பூசணம். வருஷா வருஷம் ஆடியில் பிடிக்கும். எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பேன். இந்தத் தடவை கோபத்தில் எல்லாவற்றையும் கூடத்தில் எறிந்தேன். யாருக்காகத் துடைக்கிறேன்? ரொட்டி விற்கிறவருக்கா?

பிறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. இலஞ்சி ரோடு. அந்த மிச்சத்தைப் பார்த்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்றாரே. அப்போது அந்த மிச்சம் என்னவென்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். கூப்பிட்டவனிடம் நான் இல்லை என்று சொன்னவனைப் பார்த்துவிட்டு அவரால் சாப்பிட முடியவில்லை. அப்படிப்பட்டவர் அதைச் செய்வாரா?

மாட்டார். மாட்டவே மாட்டார். பூசணம் பிடித்த சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். சந்தோஷம்தான், சத்தியமாக. சட்டையை மடிக்கும்போதுதான் அதோடு சேர்ந்து வருகிற மற்றது உறைத்தது.

ஜூலை 26, வியாழன்

மாமாவிடம் சொல்லாமலே விட்டுவிடலாம். சாப்பிடுகிறார், தூங்குகிறார். எழுபது வயசு மனுஷனின் சந்தோஷத்தைக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அவராகவே கேட்டார். வெற்றிலை இடித்துக்கொண்டு, “எல்லாவனும் சண்ட போடுதான், அது நல்லாருக்கு இது நல்லாருக்குன்னு. நீ ஒண்ணுஞ் சொல்லலியே. ஒனக்கு எது பிடிச்சுது?”

“எனக்குத் தெரியல மாமா. உங்க மகனுக்கு வெட்டினதுதான் பிடிச்சுது” என்றேன். ரோட்டில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

இடிக்கிற கை நின்றது. “சோறு எறங்கலன்னா சொன்னான்?”

“ஆமா மாமா.”

வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “சின்னதுல கோழி அறுத்தாக்கூட அன்னைக்குப் பட்டினிதான் கெடப்பான்.” கொஞ்சம் கழித்து, என்னிடம் இல்லை, உரலிடம் சொல்வது போல: “அப்ப, இருந்தா வந்திருப்பாம்லா.”

நான் உள்ளே போய்விட்டேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ராத்திரி அவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஜூலை 27, வெள்ளி

மாமா கணேசனிடம் எள் வாங்கி வரச் சொன்னார். தென்காசியில் படத்தைத் தூக்கிவிட்டார்களாம். கூட்டமில்லை.

ஜூலை 28, சனி. ஆடி அமாவாசை

முதல் பஸ். நிற்க இடமில்லை. அண்ணன் நேராகக் குற்றாலத்துக்கே வந்துவிட்டான். பேரருவியில் தண்ணீர் அதிகம், போலீஸ் விசில் ஊதி விரட்டுகிறது. கீழே ஆற்றுப் படியில் ஈரத்தோடு ஈரமாக ஜனம். யாருடைய பழச்சீப்பையோ குரங்கு கொண்டுபோயிற்று.

மாமா முங்கி வந்து ஐயர் முன்னால் உட்கார்ந்தார். கணேசன் குடை பிடித்தான். அண்ணன் எள்ளை அவர் உள்ளங்கையில் வைத்தான். நான் பின்னால்.

“யாருக்கு?”

“மகனுக்கு.”

“பேர் சொல்லுங்க.”

மாமா வாயைத் திறந்தார். வரவில்லை. மறுபடியும் திறந்தார். எள் விரலிடுக்கில் வழிந்தது. கணேசன் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள்.

“சுடலைமுத்து” என்றேன்.

அருவிச் சத்தத்தில் ஐயருக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்தார். மறுபடியும் சொன்னேன், கத்தி.

படியில் குளித்துக்கொண்டிருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். ஆள் வேறு.